கெட்ட சீட்டும் மாற்றுச் சீட்டும்: கேமரன் மலை கற்பிக்கும் வாக்குப் பாடம்



நமது தமிழ்ப்பள்ளி மாணவர்கள் வாக்குரிமையைப் பற்றி ஓரளவு அறிந்தே இருக்கிறார்கள். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் வரும், சீட்டில் பெருக்கல் குறி இட வேண்டும், சீட்டைப் பெட்டியில் போட வேண்டும் என்ற அளவில் அந்த அறிவு நின்றுவிடுகிறது. "குறியைத் தவறான கட்டத்தில் இட்டுவிட்டால் என்ன செய்வது? சீட்டு கிழிந்துவிட்டால் வேறு சீட்டு கிடைக்குமா?" என்று கேட்டால் மாணவர்கள் விழிக்கிறார்கள். பெற்றோர்களைக் கேட்டாலும் பெரும்பாலும் அதே மௌனந்தான்.

வேறு சீட்டு கிடைக்கும் என்பதே விடை. ஆனால், கேட்டால்தான் கிடைக்கும். இந்தச் சிறிய விதிக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் ஏடு நம் நாட்டில், பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் எழுதப்பட்டது. அங்கே ஒரு தொகுதி முழுவதற்கும் மாற்றுச் சீட்டு வழங்கப்பட்டது. அதனை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடவோலை முதல் இரகசிய வாக்குச்சீட்டு வரை

தமிழர்களாகிய நாம் தேர்தல் என்றவுடன் உத்திரமேரூரை நினைக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஏதும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். இது பிராமணர் சபை ஒன்றின் முறை. நிலம், கல்வி, வயது ஆகிய தகுதிகளால் வரையறுக்கப்பட்டது. வாக்களிப்பு அன்று, சீட்டுக் குலுக்கல். இன்றைய மக்களாட்சியோடு இதனை அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது.

ஆயினும் ஒரு செய்தி நம் கவனத்திற்கு உரியது. சிறுவன் எடுத்துத் தரும் ஓலையைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது. ஓலை மறைக்கப்படவோ மாற்றப்படவோ கூடாது என்ற கவலை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர்க்கு இருந்தது. தேர்தலின் உயிர் அந்தச் சிறு ஓலைத் துண்டின் தூய்மையில் இருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இன்று நாம் பயன்படுத்தும் அச்சிட்ட இரகசிய வாக்குச்சீட்டு 1856ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் 1872ஆம் ஆண்டில் வாக்குச்சீட்டுச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பொன்டிஃபிராக்ட் என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தலில் அம்முறை முதன்முதலாக அங்கே பயன்பட்டது. அவ்வூர் அதிமதுர மிட்டாய்க்குப் பெயர்பெற்றது. மிட்டாயில் பதிக்கும் முத்திரையைக் கொண்டே வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்தார்களாம்!

அந்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மாற்றுச் சீட்டு விதி இருக்கிறது. கவனக்குறைவால் சீட்டைப் பயன்படுத்த முடியாதபடி கெடுத்துவிட்ட வாக்காளர், அதனை வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் ஒப்படைக்கலாம். அது தற்செயலாக நேர்ந்தது என அலுவலர் ஏற்றுக்கொண்டால், வேறொரு சீட்டைப் பெறலாம். பழைய சீட்டு உடனே நீக்கம் செய்யப்படும். பிரிட்டிஷ் ஆட்சியின் வழியே இவ்விதி இந்தியா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளின் தேர்தல் விதிகளுக்குள்ளும் வந்தது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளிலும், மலேசியாவில் 1981ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை ஒழுங்குவிதிகளிலும் இது இடம்பெற்றது.

கெட்டால் உண்டு, தொலைந்தால் இல்லை

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கெட்டுப்போன சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் புதிய சீட்டு கிடைக்கும். "சீட்டைக் காணவில்லை, வேறு தாருங்கள்" என்று வெறுங்கையோடு வந்து கேட்டால் கிடைக்காது. ஏன் இந்த வேறுபாடு?

காரணம் இதுதான். வாக்களிக்கச் சென்ற ஒருவர் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடாமல் வெளியே கொண்டுவந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாக்கை விலைக்கு வாங்குபவர் அதில் தமக்கு வேண்டிய குறியை இட்டு அடுத்த வாக்காளரிடம் தருகிறார். அவர் அந்தக் குறியிட்ட சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தமக்குக் கிடைத்த வெற்றுச் சீட்டை வெளியே கொண்டுவருகிறார். இப்படியே சங்கிலி நீளும். ஒரே ஒரு சீட்டு காணாமற்போனால் போதும். நூறு வாக்குகளை விலை பேசலாம். ஆகவேதான் சீட்டுக்குச் சீட்டு என்ற கணக்கு. வாக்குச்சீட்டை அனுமதியின்றி வாக்குச்சாவடிக்கு வெளியே எடுத்துச் செல்வது நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும்.

நம் தேர்தல் முடிவுகளை உற்றுநோக்கினால் இக்கணக்கின் கண்டிப்பு விளங்கும். ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளோடு, நிராகரிக்கப்பட்ட வாக்குகள் எத்தனை என்பதும், வாக்காளருக்கு வழங்கப்பட்டும் பெட்டிக்குள் வந்து சேராத சீட்டுகள் எத்தனை என்பதும் தனித்தனியே காட்டப்படுகின்றன. ஒவ்வொரு வாக்களிப்பு அறைக்கும் இக்கணக்கு எழுதப்படுகிறது. 2018ஆம் ஆண்டில் நாடெங்கும் பேசப்பட்ட "போராங் 14" என்ற படிவம் வாக்கு எண்ணிக்கை முடிந்தபின் நிரப்பப்படும் அறிக்கைதான்.

அஞ்சலில் அனுப்பப்படும் சீட்டுக்கு இந்தக் கண்டிப்பு அப்படியே பொருந்தாது. அஞ்சலில் தொலைந்தது வாக்காளரின் பிழையாகாது அல்லவா? ஆதலால் பிரிட்டனில் அஞ்சல் வாக்குச்சீட்டு வந்து சேராதவரும் தொலைத்தவரும், வாக்களிப்பு நாளுக்கு நான்கு வேலைநாள்களுக்கு முன்பிருந்து, வாக்களிப்பு நாளன்று மாலை ஐந்து மணி வரை மாற்றுச் சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நம் நாட்டிலோ 2018ஆம் ஆண்டில் வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 28, வாக்களிப்பு மே 9. இடையே பதினொரு நாள்களே இருந்தன. அயல்நாட்டில் வாழ்ந்த மலேசியர் பலருக்குச் சீட்டு மிகவும் காலந்தாழ்ந்து கிடைத்தது. முன்பின் அறியாதவர்கள் விமான நிலையங்களில் ஒருவருக்கொருவர் உறைகளை ஒப்படைத்து, வாக்குச்சீட்டுகளைத் தாயகத்திற்குக் கொண்டுவந்து சேர்த்த காட்சிகளை நாம் அனைவரும் அறிவோம். ஒரு துண்டுத் தாளுக்காக அவர்கள் பட்ட பாட்டை மாணவர்களிடம் சொல்லுங்கள். வாக்கின் மதிப்பைத் தனியே விளக்க வேண்டியிராது.

வேறொருவர் நம் பெயரில் வாக்களித்துவிட்டால்?

இது மூன்றாவது வகை. நம் சீட்டு கெடவில்லை, தொலையவில்லை. நாம் போவதற்கு முன்பே யாரோ ஒருவர் நம் பெயரைச் சொல்லி வாங்கிப் போட்டுவிட்டார். 1872ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் இதற்கும் வழி சொன்னது. தாமே உண்மையான வாக்காளர் என்று நிறுவுபவருக்கு வேறு நிறத்தில் ஒரு சீட்டு தரப்படும். அது பெட்டியில் போடப்படாமல் தனி உறையில் வைக்கப்படும்.

இந்தியாவில் இதனை ஆய்வுக்குரிய வாக்கு என்பர். மின்னணு இயந்திரம் வந்தபின் இதற்குரிய விதி 49பி ஆயிற்று. நடிகர் விஜய் நடித்து 2018ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த "சர்கார்" திரைப்படம் இவ்விதியைத் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது. பல்லாண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் உறங்கிக் கிடந்த விதியை மக்கள் ஒரு திரைப்படத்தின் வழியே அறிந்துகொள்ள நேர்ந்தது. பள்ளிக்கூடம் சொல்லித் தராததைத் திரையரங்கம் சொல்லித் தந்தது என்பது ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

தோட்டத்துத் தமிழர் கையில் சீட்டு வந்த கதை

இனி நம் மலைக்கு வருவோம். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் ஆய்வு செய்த மேட்டுநிலம் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டில் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. காட்டை அழித்து, சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களுள் தமிழர்கள் முதன்மையானவர்கள். சுங்கை பாலாஸ், புளூவேலி, போ ஆகிய தோட்டங்களின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் அவர்கள் வாழ்ந்ததற்குச் சான்று.

அம்மக்களின் கைக்கு வாக்குச்சீட்டு எளிதில் வந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசு ஒப்பந்தத்தின் குடியுரிமை விதிகள் கடுமையானவை. 1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் நடந்த முதலாவது கூட்டரசுத் தேர்தலில் 52 தொகுதிகள் இருந்தன. கூட்டணிக் கட்சி அவற்றுள் 51ஐ வென்றது. பதிவு பெற்ற வாக்காளர் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினருக்கும் மேற்பட்டோர் மலாய்க்காரர்கள். தோட்டத்தில் உழைத்த தமிழர்களில் பெரும்பாலோர் வாக்காளராகவே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை சீட்டு கெடவும் இல்லை, தொலையவும் இல்லை; அச்சிடப்படவே இல்லை!

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் விடுதலை வந்தபோது நிலை மாறியது. அன்று முதல் இம்மண்ணில் பிறந்தவர்கள் குடிமக்கள் ஆயினர். 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இவ்வுரிமை பின்னர்ச் சுருங்கியது. முன்பே குடியிருந்தோர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி திறந்தது. சிங்கப்பூரில் "தமிழ் முரசு" ஆசிரியர் கோ. சாரங்கபாணி, தமிழர்கள் தவறாமல் குடியுரிமை பெற வேண்டும் என்று இயக்கமே நடத்தினார். ஆயினும் இங்கே தோட்டத்து லயங்களில் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டவர்கள் பலர். அவர்களில் சிலர் சிவப்பு அடையாள அட்டையோடேயே முதுமை எய்தினர். வேலை அனுமதிச் சட்டம் வந்தபின், 1969ஆம் ஆண்டையொட்டிப் பல்லாயிரக்கணக்கானோர் இந்தியாவுக்கே கப்பலேறினர்.

கடல் கடந்து இலங்கையைப் பாருங்கள். அங்கும் தேயிலை, அங்கும் தமிழர். 1931ஆம் ஆண்டில் அந்நாட்டில் அனைவர்க்கும் வாக்குரிமை என்ற கொள்கை வந்தது. மலையகத் தமிழர்கள் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்கள் கையிலிருந்த சீட்டைப் பறித்தன. 1964ஆம் ஆண்டில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் போக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. மாற்றுச் சீட்டுக்காக அரை நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்தது அந்தச் சமுதாயம்.

இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. வாக்குச்சீட்டு என்பது தனித் தாள் அன்று. பிறப்புப் பத்திரம், நீல அடையாள அட்டை, வாக்காளர் பட்டியல் என்ற தொடரின் கடைசிக் கண்ணி. முதற்கண்ணி அறுந்தால் கடைசிக் கண்ணி நம் கைக்கு வாராது.

462, 597 என்ற இரு எண்கள்

கேமரன் மலை 2003ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் தனி நாடாளுமன்றத் தொகுதி ஆயிற்று. தானா ராத்தா, ஜெலாய் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கும். 2004, 2008 ஆகிய இரு பொதுத் தேர்தல்களிலும் ம.இ.கா.வின் எஸ். கே. தேவமணி வென்றார். 2013ஆம் ஆண்டில் அன்றைய ம.இ.கா. தலைவர் ஜி. பழனிவேல் 10,506 வாக்குகளும், ஜ.செ.க.வின் எம். மனோகரன் 10,044 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 462 மட்டுமே.

2018ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில் ம.இ.கா.வின் சி. சிவராஜ் 10,307 வாக்குகளும், மீண்டும் போட்டியிட்ட மனோகரன் 9,710 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 597. பழனிவேல், சிவராஜ், மனோகரன் மூவரும் நம்மவர்களே. இவர்களில் யார் பக்கம் நாம் நிற்கிறோம் என்பது இங்கே பொருட்டன்று. ஏறத்தாழ 32,000 வாக்காளர்கள் உள்ள தொகுதியின் முடிவு, ஒரு பெரிய தமிழ்ப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுகிறது என்பதே நாம் காண வேண்டிய செய்தி. இத்தகைய தொகுதியில் கை நடுங்கி இரு கட்டங்களிலும் கோடு விழுந்த பாட்டியின் சீட்டும், எழுத்தறியாத் தாத்தா குறியிடாமலே மடித்துப் போட்ட சீட்டும் சிறியவை அல்ல.

ஒரு தொகுதிக்கே மாற்றுச் சீட்டு

தேர்தல் முடிவு அரசிதழில் வெளியான 21 நாள்களுக்குள் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம் என்பது நம் சட்டம். மனோகரன் மனு தாக்கல் செய்தார். பூர்வகுடி வாக்காளர்களைத் தம் பக்கம் ஈர்ப்பதற்காக, தோக் பாத்தின் எனப்படும் அவர்களின் ஊர்த்தலைவர்கள் உள்ளிட்டோருக்குப் பணம் வழங்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. 2018ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கோலாலம்பூரில் தேர்தல் நீதிமன்றம் அதனை ஏற்று, கேமரன் மலைத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பின் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். எந்தச் சீட்டும் கிழியவில்லை. எந்தப் பெட்டியும் உடையவில்லை. தாள் முழுமையாகவே இருந்தது; ஆனால் வாக்கு பழுதுபட்டிருந்தது. ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் புளூவேலியிலும் யாரிடமும் ஒரு காசும் பெறாமல் வரிசையில் நின்று வாக்களித்த ஆயிரக்கணக்கானோரின் சீட்டுகளும் அன்றோடு செல்லாதவையாயின. நஞ்சு கலந்தது ஒரு குடத்தில்தான் என்றாலும், கிணற்றையே இறைத்துவிட்டுப் புதிய நீர் ஊறக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பணம் பெற்ற எளியவர்களை ஏளனம் செய்வது நமக்கு அழகன்று. தேர்தல் காலத்தில் மட்டும் தோட்டத்துக்கு வரும் அரிசி மூட்டையை நாமும் அறிவோம். ஆண்டு முழுவதும் சாலையும் குடிநீரும் வந்து சேராத இடத்தில், ஒரு நாள் வரும் பணம் பெரிதாகத்தான் தோன்றும். அந்த வறுமையைப் பயன்படுத்திக்கொள்பவர் மீதே சட்டத்தின் கை விழுந்தது.

இப்படி நடந்தது இது முதன்முறை அன்று. 1999ஆம் ஆண்டுச் சபா மாநிலத் தேர்தலில் லீக்காஸ் தொகுதியின் முடிவை, 2001ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. வாக்காளர் பட்டியலில் உரிமையற்றோர் பெயர்கள் இருந்தமையே காரணம். இந்தியாவிலும் வாக்குப்பெட்டியோ இயந்திரமோ அழிக்கப்பட்டால், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி மறுவாக்குப்பதிவு நடத்தலாம். 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தருமபுரி உள்ளிட்ட தொகுதிகளின் சில வாக்குச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. தனியொருவரின் சீட்டு, ஒரு சாவடி, ஒரு தொகுதி என அளவு மாறினாலும் கொள்கை ஒன்றுதான்: பழுது நேர்ந்தால், உரிய நேரத்தில் எடுத்துச் சொன்னால், மீண்டும் வாக்களிக்க வழி உண்டு.

2019ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கேமரன் மலை மக்கள் மீண்டும் வாக்களித்தார்கள். தேசிய முன்னணி வேட்பாளர் ரம்லி முகமட் நோர் 12,038 வாக்குகளும், மனோகரன் 8,800 வாக்குகளும் பெற்றனர். பெரும்பான்மை 3,238. செமாய் இனத்தவரான ரம்லி, பூர்வகுடியினரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வர் ஆனார். 2022ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலும் அவரே வென்று, மக்களவைத் துணைத் தலைவராகவும் தேர்வு பெற்றார். எந்த மக்களின் வாக்கை விலைக்கு வாங்கியதாக வழக்கு நடந்ததோ, அந்த மக்களுள் ஒருவரே மாற்றுச் சீட்டின் வழியே நாடாளுமன்றம் சென்றார். வரலாறு இப்படியும் பாடம் எழுதுகிறது!

மற்றொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். அவ்விடைத்தேர்தலில் வாக்களித்தவர் ஏறத்தாழ 69 விழுக்காட்டினரே. பொதுத் தேர்தலைவிடக் குறைவு. தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் இன்று பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். பெயர் மலையில் இருந்தாலும், வாழ்க்கையை ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் அமைத்துக்கொண்ட நம் இளைஞர் பலர். மாற்றுச் சீட்டு கிடைத்தும், பத்தில் மூவர் அதனைக் கையில் வாங்கவில்லை. உரிமை மீண்டும் கொடுக்கப்படுவது மட்டும் போதாது. மீண்டும் வந்து பெற்றுக்கொள்வோரும் வேண்டும்.

கேட்கத் தயங்கும் பழக்கம்

நம் ஆசிரியர் பலரைப் போல நானும் தேர்தல் பணியில் அமர்ந்ததுண்டு. தோட்டப்புறத்து முதியோர் சிலரிடம் ஒரு பொதுத்தன்மையைக் கண்டிருக்கிறேன். சீட்டை வாங்கும்போது அலுவலரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். ஐயம் இருந்தாலும் கேட்க மாட்டார்கள். ஏதேனும் பிழை நேர்ந்துவிட்டால், யாரும் கவனிக்கும் முன் பெட்டியில் போட்டுவிட்டு விரைந்து வெளியேறவே விரும்புவார்கள்.

இது அவர்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. துரை, கிராணி, கங்காணி என்ற படிநிலையில் மூன்று தலைமுறைகள் வாழ்ந்தவர்கள் அவர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கேள்வி கேட்டால் வேலை போகும், லயத்து வீடு போகும் என்ற அச்சம் அவர்களின் இரத்தத்தில் ஊறியது. பிழை செய்தேன் என்று ஒப்புக்கொண்டால் தண்டனைதான் கிடைக்கும் என்பதே தோட்டம் அவர்களுக்குக் கற்பித்த பாடம். "ஐயா, தவறுதலாகக் குறியிட்டுவிட்டேன், வேறு சீட்டு வேண்டும்" என்று கேட்பதற்கு அவர்களுக்குத் தேவைப்படும் துணிவு, நாம் எண்ணுவதைவிடப் பெரியது.

அந்தத் துணிவைப் பேரப்பிள்ளைகளிடம் வளர்ப்பதே நம் கடமை. 2019ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைத்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் முதல் அதுவும் தானியங்கிப் பதிவும் நடப்பிற்கு வந்தன. இன்று ஆறாம் ஆண்டில் பயிலும் மாணவன், இன்னும் ஆறே ஆண்டுகளில் வாக்காளன். அவன் தானாகவே பட்டியலில் சேர்வான். ஆனால் நீல அடையாள அட்டை இருந்தால்தான் சேர்வான்!

நாம் செய்யக்கூடியவை

1. சொற்களைத் தெளிவாகக் கற்பிப்போம். பெட்டியில் போடுவதற்கு முன் கெட்டது கெட்ட சீட்டு. அதற்கு மாற்று உண்டு. பெட்டியில் விழுந்தபின் எண்ணிக்கையில் தள்ளப்படுவது செல்லாத வாக்கு. அதற்கு மாற்று இல்லை. பேச்சுவழக்கில் இரண்டையும் "உண்டி ரோசாக்" என்றே பலர் சொல்வதால்தான் இக்குழப்பம்.

2. சீட்டை வாங்கியவுடன் பார்க்கப் பழக்குவோம். அதிகாரமுறை முத்திரை இருக்கிறதா, முன்பே ஏதேனும் கீறலோ குறியோ விழுந்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு எண்ணிக்கையில் தள்ளப்படும். ஐயம் இருந்தால் அங்கேயே அலுவலரிடம் காட்ட வேண்டும்.

3. பிழை நேர்ந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லித் தருவோம். சீட்டைப் பெட்டியில் போடக் கூடாது. கிழித்து எறியவோ பைக்குள் வைக்கவோ கூடாது. நேராக வாக்களிப்பு மையத் தலைவரிடம் கொடுத்து, தற்செயலாக நேர்ந்தது என்று கூறி, வேறு சீட்டு கேட்க வேண்டும். யாருக்கு வாக்களிக்க எண்ணினோம் என்பதைக் கூற வேண்டியதில்லை.

4. சீட்டில் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து எதையும் எழுதக் கூடாது என்பதை வலியுறுத்துவோம். வாக்களித்தவர் யார் என்று காட்டும் எழுத்து இருந்தால் வாக்கு செல்லாது. பாராட்டுரையோ வசைமொழியோ எழுதுவதற்கும் அது இடமன்று!

5. பள்ளியில் மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுக்க உண்மையான வாக்களிப்பு நடத்துவோம். பட்டியல், முத்திரையிட்ட சீட்டு, மறைப்பு, பெட்டி, கணக்கு அனைத்தும் இருக்கட்டும். கெட்ட சீட்டைக் கொண்டுவந்து கொடுக்கும் மாணவனைக் கடிந்துகொள்ளாமல், புன்னகையோடு வேறு சீட்டு கொடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவன் கற்பது நூறு பக்கப் பாடநூலில் இல்லை.

6. பெற்றோர்களே, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் இன்றே சரிபாருங்கள். பெயரில் எழுத்துப் பிழை, பத்திரத்தில் விடுபட்ட விவரம் எதுவாயினும், பிள்ளை பன்னிரண்டு வயதில் முதல் அடையாள அட்டை எடுக்கும்போதே சீர்செய்யுங்கள். ஆவணமில்லாத பிள்ளை பள்ளியில் இருந்தால், ஆசிரியர்களாகிய நாம் பெற்றோருடன் பதிவுத் துறைக்குச் செல்லத் தயங்க வேண்டாம்.

உத்திரமேரூரில் விரித்த உள்ளங்கையில் ஓலையை வாங்கினார்கள். தேயிலைக் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன நம் பாட்டன் பாட்டிகளின் உள்ளங்கைகளில் வாக்குச்சீட்டு மிகவும் தாமதமாகவே வந்து விழுந்தது. அது கெட்டுப்போனால் வேறொன்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. அதனைச் சொல்லித் தரத்தான் ஆள் இல்லை. அடுத்த தேர்தல் வரும்முன் நம் மாணவர்கள் இதனை வீட்டிற்குக் கொண்டு செல்லட்டும். சொல்லித் தர வேண்டியவர்கள் நாம்தான்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியன்